காலர் இல்லாத கவுன்

தையல்காரர் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வட்டம், சதுரம் என்று கேட்டபடி கழுத்து வெட்டித் தருவார். தன் மகள் சிட்டுவுக்கு மட்டும் காதுவரை ஏறும் காலர்தான். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கழுத்தின் இடது பக்கம் நிணநீர்க் கட்டி. தொட்டால் மெத்தென்று நீர்ப்பை மாதிரி இருக்கும். வலி கிடையாது. பார்க்கிறவர்கள் கண்தான் அங்கேயே போய் உட்காரும்.

கத்தி வைத்தால் முக நரம்புக்கு ஆபத்து என்றார் டாக்டர். மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டு மருந்தை ஏற்றினால், பை உள்ளே ஒட்டிக்கொண்டு சுருங்கும். மறுபடியும் ஊசி தேவைப்படலாம் என்றும் சொன்னார். தையல்காரர் காதில் விழுந்தது சுருங்கும் என்பது மட்டும்தான். நனைத்த காடாத்துணி காய்வதற்குள் சுருங்கிவிடும். இதுவும் அப்படித்தான் என்று மனக்கணக்குப் போட்டவர், ஊசிக்கு முன்பே கழுத்தை ஒட்டினாற்போல் ஒரு மஞ்சள் கவுன் தைத்து வைத்துவிட்டார்.

ஊசி போட்டு வந்தபின் கட்டி முன்னைவிடப் பெருத்து, சிவந்து, கல்லாக இறுகியது. காய்ச்சல் வேறு. கவுனில் பொத்தான் எட்டவில்லை.

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வச்சாச்சு" என்றாள் மனைவி.

பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வீங்கித்தான் வற்றும், வாரக்கணக்கில் ஆகும், மூச்சுத் திணறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ உடனே கூட்டி வாருங்கள் என்று நர்ஸ் அதட்டலாகச் சொன்னாள்.

பிறகு காத்திருப்புதான். சிட்டு மதியம் தூங்கும்போது அளவு நாடாவோடு பக்கத்தில் போய் நிற்பார். மனைவி முறைத்தால் எதையோ தேடுவதுபோல் திரும்புவார். கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு அளவெடுக்கையில், கழுத்தருகே அவர் கை ஒரு நொடி தயங்கி நிற்கும்.

கட்டி மெல்ல இளகி, வற்றிப் பாதியானது. அதோடு நின்றுவிட்டது. இன்னொரு ஊசி போடலாம் என்றார் டாக்டர். தையல்காரர் முகம் தொங்கிப்போனது. வீட்டுக்கு வந்து பழையபடி காலருக்குத் துணி மடித்தார். சிட்டு மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலர் வேணாம்ப்பா. வேர்க்குது."

"முழுசா போகட்டும்டா. அப்புறம் தச்சுத் தரேன்."

"அது மெதுவா போகட்டும். நீ இப்ப தை."

அவர் காலர் துண்டை ஒதுக்கிவிட்டுக் கவுனின் கழுத்தை இறக்கி வெட்டித் தைத்தார்.

சாயங்காலம் அவள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள். மீதிக் கட்டி பளிச்சென்று வெளியே தெரிந்தது. எதிர்வீட்டு அம்மா உற்றுப் பார்த்தாள். தையல்காரர் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, மகள் திரும்பும்போதெல்லாம் அந்த இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஊசிக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அது நாளைக்கே வந்துவிடாதா என்றிருந்தது அவருக்கு.