ராஜாவின் எடை

நாய் ஆஸ்பத்திரியில் மகள் எங்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினாள். ஐந்து மாதத்திலேயே கன்றுக்குட்டி கனம். தகரத் தட்டு கடகடத்தது. அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் போன உக்கடத்துத் தீவனக் கடைக்குக் கொண்டுபோயிற்று.

அங்கே தவிட்டு மூட்டை நிறுக்கும் தராசில், அப்பா எங்கள் நாய்க்குட்டி ராஜாவை அணைத்தபடி மாதாமாதம் ஏறுவார். தனியே விட்டால் அது குதித்துவிடும். வந்த எடையில், முதல் மாதம் பார்த்த அப்பாவின் எடையைக் கழித்துக்கொள்வோம். ராஜாவுக்கு எடை ஏறவே இல்லை. பூச்சி மருந்து கொடுத்தோம். அப்பா தன் முட்டையையும் அதற்கே வைத்தார்.

"தின்னு கண்ணு, தேறவே மாட்டீங்கற" என்பார்.

கடைசியில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ரொட்டியைக் காட்டி ராஜாவைத் தனியாக நிற்க வைத்து எடை பார்த்தார்.

"நாயி நல்லா வளந்திருக்குதுங்க" என்றவர், அப்பாவின் தொளதொளத்த சட்டையைப் பார்த்தார். "நீங்க எப்பங்க எடை பாத்தீங்க?"

அடுத்த பொங்கலுக்கு அப்பா இல்லை.

"பாப்பா எடை போன தடவையே பாத்துட்டமுங்க, அதையே கழிச்சுக்கலாம்" என்றார் நாய் ஆஸ்பத்திரி உதவியாளர்.

"நாயை எறக்கி உடு கண்ணு" என்றேன் மகளிடம். "நீ மட்டும் ஒருக்கா ஏறு."