வட்டம் போட்ட சொல்

பேச்சின் நடுவே வலது ஆள்காட்டி விரலை உயர்த்தி, காற்றில் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். ஆங்கில நாளிதழில் பிழை திருத்துபவர். அகராதியில் இல்லாத சொல் கண்ணில் பட்டால் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிடுவது அலுவலகப் பழக்கம். வீட்டில் பென்சிலுக்குப் பதில் விரல்.

கல்லூரியில் படிக்கும்போது மகள் ஒருநாள், "நான் இப்போ ஹேங்ரிப்பா" என்றாள். விரல் எழுந்தது.

"பசின்னா பசின்னு சொல்லு, கோபம்னா கோபம்னு சொல்லு. ரெண்டுக்கும் ஏன் ஒட்டுப் போடறே?"

"ரெண்டும் சேர்ந்துதானே வருது! வட்டம் போட்டாச்சுல்ல, இனிமே சோறு போடுங்க சார்."

தாயில்லாத வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். டீ ஆறி ஏடு கட்டும்வரை கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"அவர் என்னை கேஸ்லைட் பண்றார்ப்பா."

விரல் எழுந்துவிட்டது. "அப்படி ஒரு சொல்லே கிடையாது. போன்ல படிக்கிறதையெல்லாம் குடும்பத்துக்குள்ள கொண்டு வராதேம்மா."

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா."

"தெரிஞ்சதும் சொல்லு" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டாள்.

சில மாதம் கழித்து, ஞாயிறு இணைப்புக்கான கட்டுரையில் அதே சொல். சுழித்தார். பக்கத்து மேசை துணையாசிரியை எட்டிப் பார்த்தாள்.

"சார், அதை விட்டுடுங்க. புது அகராதியில ஏறிடுச்சு."

முதன்முறையாகக் கட்டுரையைப் பிழைக்காக அல்லாமல் படித்தார். நடந்ததை நடக்கவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சாதித்து, தன் நினைவையே ஒருவர் நம்பாமல் போகும்படி செய்வதாம். ரப்பரை எடுத்துத் தேய்த்தார். தாள்தான் நைந்தது, சிவப்பு போகவில்லை.

படிக்கட்டுக்கு வந்து மகளை அழைத்தார்.

"அன்னிக்கு வந்தப்போ மாப்பிள்ளையைப் பத்தி ஒண்ணு சொன்னியேம்மா..."

"சொன்னேனா? இல்லையேப்பா... சொல்லியிருப்பேனோ என்னமோ. இப்பல்லாம் எனக்கு எதுவும் சரியா ஞாபகம் இருக்கறதில்ல. அவரும் அதான் சொல்றார். நீங்க சாப்பிட்டீங்களா?"

அன்று மாலை வீடு திரும்பும்போது, கீழ்வீட்டில் தையல் வேலை செய்யும் அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"பொண்ணு நல்லாயிருக்கா சார்? அன்னிக்கு அம்மாம்பெரிய பெட்டியை என்கிட்ட வச்சிட்டுத்தான் மேல வந்துச்சு. 'இனிமே இங்கதான் அக்கா இருக்கப் போறேன், அப்பாகிட்ட சொல்லிட்டு வந்து எடுத்துக்கறேன்'னுச்சு. அப்புறம் என்ன நெனச்சுதோ, சாயங்காலமே தூக்கிட்டுப் போயிடுச்சு."