என் பேருக்கு ஒரு பாலிசி

நல்லா இருக்கிறவங்களைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கிட்டு, நெசமாவே பயந்துபோய் வர்றவங்களைத் திருப்பி அனுப்புற தொழிலுக்குப் பேருதானுங்க மெடிக்கல் இன்சூரன்ஸ்.

திருப்பூர்ல ஆறு வருஷம் அந்தத் தொழில் பார்த்தேன். ஸ்கூட்டர் டிக்கியில ஃபாரம், ஹேண்ட்பேக்ல இன்சுலின் வெச்ச ஃபிளாஸ்க். எனக்குப் பத்தொம்பது வயசுலயே சர்க்கரை வந்துருச்சு. மாத்திரைக்கு அடங்குற ரகம் இல்லை, ஊசி போட்டாத்தான் உசுரு. இப்படிப்பட்ட ஒருத்தி தன் பேருக்கு ஒரு பாலிசி தேடி அலைஞ்ச கதை இது. உங்களுக்கும் ஃபாரத்துல "ஏற்கெனவே உள்ள நோய்கள்"ங்கிற கட்டம் வந்ததும் பேனா நின்னிருக்கும். நின்னவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்க படிச்சா வேண்டாம்னா சொல்லப் போறேன்?

இன்சார்ஜ் ஆனேன்

அதுக்கு முன்னால பனியன் கம்பெனியில பதினோரு வருஷம் செக்கிங் டேபிள்ல நின்னவ நான். தைச்சு வர்ற பீஸை வெளிச்சத்துல விரிச்சு, ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பார்த்துத் தள்ளணும். கண்ணுதான் முதலீடு. மாசாமாசம் சம்பளத்துல இ.எஸ்.ஐ.ங்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குன்னு கொஞ்சம் பிடிப்பாங்க. அந்த அட்டையைக் காட்டுனா இன்சுலின், ரத்த டெஸ்ட், டாக்டர் எல்லாம் காசில்லாம நடந்துச்சு. நடந்துட்டு இருந்த வரைக்கும் அதோட அருமை தெரியலைங்க. வரிசையில நிக்கிறப்பெல்லாம் சலிச்சுக்குவேன்.

பன்னெண்டாவது வருஷம் என்னை செக்கிங் இன்சார்ஜ் ஆக்குனாங்க. டேபிள்ல இருந்த அத்தனை பேருக்கும் மைசூர்பாகு வாங்கிக் குடுத்துட்டு நான் வேடிக்கை பார்த்தேன். புதுச் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிருச்சுங்கிறது யாருக்கும் தோணலை. எனக்கே தோணலையே! சில மாசம் கழிச்சு டிஸ்பென்சரியில அட்டையை நீட்டுனா, "இது இனிமே செல்லாதுங்கம்மா"ன்னுட்டாங்க. அட கெரகமேன்னு கம்பெனிக்கு ஓடி, ஏத்துன சம்பளம் வேண்டாம், பழைய சம்பளமே குடுங்கன்னு எச்.ஆர். தம்பிகிட்டக் கெஞ்சுனேன். அவன் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டுச் சொன்னான்: "ஏத்துறதுக்குத்தான் மேடம் இதுல இடம் இருக்கு, குறைக்கிறதுக்கு இல்லீங்க."

ஏஜென்ட் ஆனேன்

எங்க ஊட்டுக்காரர் சொந்தமா டெம்போ ஓட்டுறார். நிட்டிங்ல இருந்து சாயம் போடுற டையிங்குக்குத் துணி ஏத்துற வேலை. சொந்தத் தொழில்ங்கிறதால அவர் பேர்லயும் இ.எஸ்.ஐ. கெடையாது. வேற வழியில்லாம தனியார் பாலிசி கேட்டுக் கிளம்பினேன். நாலு ஏஜென்டுங்க ஊட்டுக்கே வந்தாங்க. வர்றப்ப வாயெல்லாம் பல்லு. இன்சுலின்னு சொன்ன உடனே காப்பியைக் கூடக் குடிச்சு முடிக்காம எந்திரிச்சாங்க.

அஞ்சாவதா வந்தவர் மட்டும் காப்பியைக் குடிச்சு முடிச்சார். நான் விடலை. அந்த விதி என்ன, இந்தக் காத்திருப்புக் காலம் என்ன, ஏன் கெடையாதுன்னு ஒரு மணி நேரம் அவரைக் குடைஞ்சு எடுத்தேன். பழையபடி எங்கயாவது செக்கிங்குக்கே போயிருந்தா அப்பவே அட்டை திரும்பி வந்திருக்கும். ஆனா இன்சார்ஜா இருந்தவ மறுபடியும் டேபிள்ல போய் நின்னா நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு ஒரு வறட்டுக் கவுரவம். அந்த நாலு பேர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலைங்க. ஏஜென்ட் ஆனா உள்ளுக்குள்ள ஏதாவது வழி தெரியும்னு எனக்குள்ள ஒரு நப்பாசை வேற. அதுக்குத் தூபம் போட்டது அந்த அஞ்சாவது மனுஷன் வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னதுதான்: "உங்களுக்குப் பாலிசி கெடைக்காதுங்க, ஆனா நீங்க பேசுற பேச்சுக்கு நல்லா விப்பீங்க."

சோமனூர்ப் பெரியவர்

வித்தேன். கம்பெனி வேலையை விட்டுட்டு நல்லாவே வித்தேன். சோமனூர்ல தறி வெச்சிருந்த ஒரு பெரியவர் ஃபாரத்துல கையெழுத்துப் போட உக்காந்தார். சட்டைப் பையில பி.பி. மாத்திரை அட்டை எட்டிப் பார்க்குது. நோய் ஏதாவது இருக்குதுங்களான்னு கேட்டா, "ஒண்ணுமில்லீன்னு எழுது கண்ணு"ங்கிறார். மறைச்சு வாங்குனா நாளைக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறப்ப கையை விரிச்சிருவாங்கன்னு நான் எடுத்துச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி எழுத வெச்சேன். இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டு வாரத்துல "இயலாது"ன்னு எழுதிருச்சு. அவர் வேற ஏஜென்டைப் பிடிச்சு, ஒண்ணுமில்லைன்னே எழுதிப் பாலிசி வாங்கிட்டார்.

அடுத்த வருஷம் அவருக்கு நெஞ்சு வலி. இன்சூரன்ஸ்காரங்க பழைய மாத்திரைச் சீட்டைத் தேடிப் பிடிச்சு, மறைச்சீங்கன்னு பணம் தரலை. தறியில ரெண்டை வித்து ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுனாராம். பார்க்கப் போனேன். நான் சொன்னதுதான் நடந்துச்சுன்னு துளிகூடப் பெருமை வரலைங்க, வெசனமாத்தான் இருந்துச்சு. கட்டில்ல சாஞ்சிருந்தவர் கோவமே இல்லாமக் கேட்டார்: "எழுதுனாத் தர மாட்டான், எழுதாட்டிக் குடுத்துப்போட்டு அப்புறம் இல்லீம்பான், நடுவுல நீ எதுக்கு அம்மணி?"

அக்காவுக்குப் பதிலாத் தங்கச்சி

செல்வராணி தூத்துக்குடிப் பக்கம் இருந்து வந்து இங்க ஓவர்லாக் தைக்கிறவ. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறதால எந்தக் கம்பெனியிலயும் இ.எஸ்.ஐ.க்குப் பேர் பதியலை. சர்க்கரை இருக்கு. பாலிசிக்கு முன்னால ரத்த டெஸ்ட் குடுக்கணும்னு சொல்லி, சென்டர் அட்ரஸைக் குடுத்து அனுப்பினேன். இவ என்ன பண்ணினா தெரியுமா? தன்னை மாதிரியே இருக்கிற தங்கச்சியை, தன் ஆதார் கார்டைக் குடுத்து அனுப்பிட்டா! ரெண்டும் ஒரே அச்சு, அங்கிருந்தவங்களுக்கும் தெரியலை.

ரிப்போர்ட் என் கைக்கு வந்துச்சு. செல்வராணி சொன்னதைவிட ரெண்டு மடங்கு சர்க்கரை. போன் பண்ணுனா மறுமுனையில அழுகை, அப்பத்தான் குட்டு உடைஞ்சுது. எனக்கு வந்த கோவத்துக்கு நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அப்புறம் அந்தத் தங்கச்சிப் புள்ளையை ஸ்கூட்டர்ல உக்கார வெச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். இருபத்தாறு வயசு. தாகம் தாகம்னு ஒரு வருஷமாச் சொல்லிட்டு இருந்தவளை, தையல் மிஷின் சூடுன்னு விட்டிருக்காங்க. கிளினிக் பெஞ்சுல செல்வராணி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "ஒருத்திக்குப் பாலிசி கேட்டு வந்தோம்க்கா, இப்ப ரெண்டு பேருக்கும்லா இல்லாமப் போச்சு."

கஸ்டமர் மனசு நோகாம

அஞ்சாவது வருஷம் என் வலது கண்ணுல கருப்பா நூல் நூலா மிதக்க ஆரம்பிச்சுது. செக்கிங்ல இருந்தவ இல்லீங்களா, முதல்ல கண்ணாடியில நூல் ஒட்டியிருக்குன்னு துடைச்சேன். விழித்திரையில ரத்தம் கசியுதுன்னு டாக்டர் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில லேசர் வெச்சு விட்டாங்க. அதுக்கு மேல கண்ணுக்குள்ள தொடர்ந்து ஊசி போடணும், விட்டா ரெண்டு கண்ணும் போயிரும்னாங்க. அந்த ஊசியோட வெலையைக் கேட்டதும் ஊட்டுக்காரர் டெம்போவை விக்கிற பேச்சை எடுத்தார். அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்குப் போனா, வருமானம் வரம்பைத் தாண்டியிருக்குன்னாங்க. நான் வித்த பாலிசிங்களோட கமிஷன்தான் அந்த வருமானம்.

அந்த நேரம் பார்த்து, சர்க்கரைக்காரங்களுக்குன்னே புதுசா ஒரு பாலிசி வந்துச்சு. சாமியைக் கும்பிட்டுட்டு என் ஃபாரத்தை நானே எழுதினேன். கஸ்டமர் சுமதி, ஏஜென்ட் சுமதி. கண்ணு விஷயத்தையும் மறைக்கலை. பத்து நாள்ல போன்ல ரெண்டு மெசேஜ் வந்துச்சு. ஒண்ணு எனக்கு, "தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை"ன்னு. இன்னொண்ணும் எனக்குத்தான், "தங்கள் வாடிக்கையாளருக்குத் தகவலைத் தெரிவிக்கவும்"னு. அழுகறதா சிரிக்கறதான்னு தெரியாம நடுரோட்டுல வண்டியை நிறுத்தினேன். அதே நேரம் கிளை மேனேஜர் கூப்பிட்டார். பேரைக் கூடப் பார்க்கலைன்னு நினைக்கிறேன். வழக்கமாச் சொல்றதையே சொன்னார்: "கஸ்டமர் மனசு நோகாம எடுத்துச் சொல்லிருங்க மேடம்."

முதலிபாளையத்துல ஒரு கேள்வி

கம்பெனி மொத்தத்துக்கும் எடுக்கிற குரூப் பாலிசியில பழைய நோயையும் முதல் நாள்ல இருந்தே சேர்த்துக்குவாங்க. முதலிபாளையத்துல பனியன் கம்பெனி வெச்சிருந்த ஒரு முதலாளிகிட்ட அதை விக்கப் போனேன். ஸ்டாஃப் முப்பது பேர். நல்ல மனுஷன், மோர் குடுத்து உக்கார வெச்சார். நான் பேசப் பேசத் தலையை ஆட்டுனார். கடைசியில, "ஸ்டாஃப் லிஸ்ட்ல இன்னொரு பேரும் சேர்த்துக்கலாமுங்க, பேருக்கு மட்டும், சம்பளமே வேண்டாமுங்க"ன்னு வாய் தவறிச் சொல்லிப்போட்டேன். யார் பேருன்னு கேட்டார். என் பேருதானுங்கன்னேன். ஆறு வருஷம் ஊருக்கெல்லாம் மறைக்காதீங்கன்னு சொன்னவ, பொய்க் கணக்குல ஆளாகப் பார்த்தேன்.

எல்லாத்தையும் சொன்னேன். கண்ணு, ஊசி, டெம்போ, ரெண்டு மெசேஜ், ஒண்ணு விடலை. சொல்றப்ப அழுதும் தொலைச்சேன். அவர் திட்டலை. மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வெச்சுட்டுக் கேட்டார்: "ஏனுங் அம்மணி, நீங்க பாலிசி விக்க வந்தீங்களா, வேலை கேட்டு வந்தீங்களா?"

பிடிங்கன்னு வந்தவ

ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாவது நாள் காலையில டிபன் டப்பாவோட அதே கம்பெனி கேட்டுல நின்னேன். முதலாளி பழைய அனுபவத்தைக் கேட்டுட்டு, குரூப் பாலிசியை அப்புறம் பார்த்துக்கலாம், இன்சார்ஜாவே வந்திருங்கன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வேண்டவே வேண்டாமுங்க, சாதா செக்கர், வரம்புக்கு உள்ள சம்பளம், பேரை மட்டும் ஒழுங்காப் பதிஞ்சுக்கோங்கன்னேன். ஆபீஸ்ல இருந்த புள்ளை என் பழைய இ.எஸ்.ஐ. நம்பரைத் தட்டிப் பார்த்தா, அது இன்னும் உசுரோட இருந்துச்சு. கையில காசு குறையுதுன்னு முக்கால்வாசிப் பேர் சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்காதீங்கன்னு அந்தப் புள்ளைகிட்டச் சண்டை போடுவாங்க. அவ என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுச் சொன்னா: "பிடிங்கன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்க்கா."

எதிர் டேபிள் சபிதா

இன்சுலின் உடனே கெடைச்சுது. ஆனா கண்ணு ஊசி மாதிரிப் பெரிய வைத்தியத்துக்கு அனுப்பணும்னா, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கணும்னு விதி. அதுவரைக்கும் இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு டேபிள்ல தாக்குப் பிடிக்கணும். செக்கிங்ல ஓட்டை பீஸை விட்டா மூணாவது தடவை சீட்டைக் கிழிச்சிருவாங்க. முதல் வாரமே ரெண்டு விட்டேன். கருப்புத் துணியில ஊசி ஓட்டை எனக்குத் தெரியலை. என் கண்ணுல கருப்பா மிதக்கிறது எது, துணியில இருக்கிறது எதுன்னே புரியலைங்க. வேலை போனா கண்ணு போகும், கண்ணு போனா வேலை போகும். பாத்ரூம்ல போய் நின்னு அழுதுட்டு வருவேன்.

எதிர்ல நிக்கிறவ சபிதா, ஒடிசாக்காரப் பொண்ணு. ஒரு நாள் திரும்பிப் பார்த்தா, நான் பார்த்து அடுக்குன பீஸை எடுத்து அவ ஒரு தடவை விரிச்சுப் பார்த்து அடுக்கிட்டு இருந்தா. நாலஞ்சு நாளா இதேதான் நடக்குதுன்னு அப்புறம் தெரிஞ்சுது. அவ வேலையையும் முடிச்சு, டீ குடிக்கிற நேரத்துல என் வேலையும். எனக்கு வெக்கமாப் போச்சு. வேண்டாம் கண்ணு, உன் டீ ஆறிப்போகுதுன்னு பீஸைப் பிடுங்கினேன். அவ விடலை. ஆறேழு மாசம், ஊசிக்குச் சீட்டு வர்ற வரைக்கும் விடலை. தமிழ் அரைகுறையா வரும் அவளுக்கு. அன்னைக்குச் சொன்னது எனக்கு முழுசாப் புரிஞ்சுது: "பேசாம இரு அக்கா, உன் பீஸ் நான் பாக்குது, உன் கண்ணு டாக்டர் பாக்குது."

இப்ப ஊசி நாலு ஆச்சு. வலது கண்ணு மங்கல்தான், அது அப்படியேதான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. இடது கண்ணு தப்பிச்சுருச்சு, கருப்புத் துணியில ஊசி ஓட்டை தெரியுது. டெம்போ ஓடுது. போன வாரம் சபிதா ஒரு ஓட்டையை விட்டா, நான் எடுத்து வெச்சேன். முதலாளி மறுபடியும் இன்சார்ஜ் பேச்சை எடுத்தார், கையெடுத்துக் கும்பிட்டுட்டு டேபிளுக்கு வந்துட்டேன்.

ஆறு வருஷம் ஊரெல்லாம் பாலிசி வித்து நான் கண்டுபிடிச்ச ஒரே நல்ல பாலிசி, பதவி உயர்வு வேண்டாம்னு சொல்லிட்டு டேபிள்ல நின்ன காலோட இ.எஸ்.ஐ. பிரீமியம் கட்டுறதுதானுங்க.