மீன் ஏறாத மூன்றாம் மாடி

சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் படியேறிப் போய்ப் படுத்ததில்லை. சாய்ந்தமருதில் எங்கள் பழைய வீட்டின் பின்கதவைத் திறந்தால் மணல், மணல் முடிந்தால் கடல். வாப்பா அந்தக் கடலில் கரைவலை இழுத்தவர். மூன்று வேளையும் மீன் தின்று வளர்ந்த உடம்பு அவருடையது. காலையில் பழஞ்சோற்றுக்குக்கூட முதல்நாள் காய்ச்சிய மீன் ஆணம் வேண்டும் அவருக்கு.

கடல் வந்த அன்று உம்மா பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் பிள்ளைத்தாய்ச்சி. மருந்து வாங்கப் பிரதான வீதிக்குப் போயிருந்ததால் தப்பினேன். வாப்பாவைத் தண்ணீர் ஒரு மதிலின் மேல் கொண்டுபோய்ப் போட்டது. கீழே இறங்கியதும் அவர் உம்மாவைத் தேடத் தொடங்கினார். தேடும்போது செத்துக் கிடந்த மற்றவர்களுடைய ஜனாஸாக்களையும் தூக்கினார். கடைசியில் உம்மாவையும் அவர்தான் கண்டெடுத்து, மையவாடியில் எல்லோரோடும் ஒன்றாக அடக்கினார். திரும்பி வந்தவர் கைகளைக் கழுவினார், முகர்ந்து பார்த்தார், மறுபடியும் கழுவினார்.

அதன் பிறகு அவர் மீன் தின்னவில்லை. அப்போது ஊரில் யாருமே தின்னவில்லை. கடலில் போனவர்களைத் தின்ற மீன் என்று சொன்னார்கள். சந்தையில் மீன் விலைப்படாமல் கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு வீட்டிலும் மீன்சட்டி அடுப்பேறியது. வாப்பாவுக்கு மட்டும் நாளாக நாளாக அருவருப்புக் கூடியது. இறைச்சி வெந்தால் ஓங்காளித்தார். முட்டை உடைத்தால் வெளியே போனார். பால் தேநீரைக்கூடத் தள்ளி வைத்தார்.

"எல்லாத்திலயும் அந்த மணம் வருது, மகள். எனக்குச் சோறும் பருப்பும் போதும்," என்றார்.

நான் மகள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். தாய் தகப்பனும் அவளோடுதான். கணவர் கட்டாரில். நான்தான் சமைக்க வேண்டும், நான்தான் பார்க்க வேண்டும். மாடி வீடு கிடைக்கும் வரை தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் அடுப்புக்கும் பாய்க்கும் இடையில் சுவர் கிடையாது. ஒரு துண்டு கருவாடு சுட்டாலும் அவர் வாந்தியெடுப்பார். அதனால் வீட்டில் கவிச்சை சமைப்பதை விட்டேன். அந்தக் கொட்டிலில்தான் என் மகள் பிறந்தாள். முலைப்பாலுக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்ததும் அந்தச் சோறும் பருப்பும்தான். கிளினிக்கில் கொடுத்த சத்துமாவை அவள் துப்பினாள். மாடி வீட்டுக்கு வந்தபோது சமையலறைக்குத் தனிக் கதவு இருந்தது. ஆனாலும் பழகியது பழகியதுதான். மீன்காரரின் சைக்கிள் கீழே கூவிக்கொண்டு போகும். நான் எட்டிப் பார்ப்பதோடு சரி.

மாடிக்கு வந்து கொஞ்சக் காலத்தில் வாப்பா மாறத் தொடங்கினார். முதலில் கால். தரை பஞ்சு மாதிரி இருக்கிறது, எறும்பு ஊருகிறது என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு தொழுகை. பகல் தொழுகையான லுஹரைத் தொடங்கினால் முடிக்கத் தெரியாமல் எழுந்து எழுந்து நிற்பார். பின்னேரத்து அஸருக்குப் பாங்கு சொல்லும்போதும் லுஹரிலேயே நிற்பார். ஒருநாள் தொழுகைப் பாயில் இருந்தபடியே திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"மகள், உம்மா எங்க போன?"

பொய் சொன்னேன்.

"அக்கரைப்பற்றுக்கு வாப்பா. சாச்சிட ஊட்ட."

"சொல்லாமப் போயிட்டாவே," என்றார். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும்.

சுனாமிப் பயம் இப்போதுதான் மூளைக்கு ஏறியிருக்கிறது என்றார்கள் சனம். ஒரு மௌலவி தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஒரு டொக்டர் நித்திரைக் குளிசை எழுதினார். வயது என்றார் என் கணவர் தொலைபேசியில். வாப்பாவுக்கு அப்போது அறுபதுகூட முழுசாக ஆகவில்லை. ஒருமுறை உம்மாவைத் தேடிக்கொண்டு இறங்கிப் போய், சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வெயிலில் நின்றிருந்தார். கையில் அடையாள அட்டை இல்லை. தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் பேசிக் கூட்டிவந்தார். அன்று முதல் கதவைப் பூட்டிச் சாவியை என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வாப்பாவைப் பூட்டினால் நானும் பூட்டுக்குள்தான். பிள்ளையும் அதற்குள்தான். பாலர் பாடசாலைக்கு அவளை இறக்கிவிட்டு ஓடிவர வேண்டும். பகல் முழுக்க அந்த இரண்டு அறையில் வாப்பா ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தட்டித் தடவி நடப்பார். ஜன்னல் வழியாகத் தென்னை வட்டுகளும் அதற்குப் பின்னால் கடலும் தெரியும். அவர் அந்த ஜன்னலைச் சாத்துவார். புழுக்கம் தாங்காமல் நான் திறப்பேன். அவர் சாத்துவார். மகள் ஒரு மூலையில் சாய்ந்து கிடப்பாள். மற்றப் பிள்ளைகள் படியில் கத்திக்கொண்டு ஓடும்போதும் இவள் எழும்ப மாட்டாள்.

"உங்கட புள்ள பாட்டுச் சொல்லிக் குடுக்கக்குள்ள தூங்கிடுது," என்று ரீச்சர் ஒருநாள் சொன்னார். "நேத்துச் சொன்ன எழுத்தும் ஞாபகம் இல்ல."

வாப்பாவை, அவளுடைய மூத்தப்பாவை, பார்த்துப் பழகுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன அன்று, பகலில், வீதியில் வெடி கொளுத்தினார்கள். கொடி கட்டிய லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாத முகத்தோடு ஆட்கள் வாங்கித் தின்றார்கள். நான் தண்ணீர் வராத குழாயைப் பற்றிக் கேட்கப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை. அந்த நேரம் பெரிய வெடிக்கட்டு ஒன்று வெடித்தது. திரும்பி வந்தால் வீடு வெறுமையாக இருந்தது. வாப்பாவும் இல்லை, பிள்ளையும் இல்லை.

கீழே ஓடினேன். யாரும் காணவில்லை என்றார்கள். அப்போது மேலேயிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. படியேறி ஓடினேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி இருக்கும் இடத்துக்கு ஒரு இரும்புக் கதவு உண்டு. அதில் அந்தப் பக்கமிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"வாப்பா, கதவத் துறங்க."

"கடல் வருது. சத்தம் கேக்கல்லியா உனக்கு?"

"அது வெடி, வாப்பா. சண்டை முடிஞ்சிட்டாம். சந்தோசத்துல கொளுத்துறாங்க."

"நீ உம்மாவக் கூட்டிக்கிட்டு மேல வா. மறுகா கதவத் துறக்கன்."

கதவின் கீழ் இடுக்கில் அவருடைய கால்கள் தெரிந்தன. தள்ளாடிக்கொண்டிருந்தார். அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். பிள்ளையை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறார் என்று தெரியவில்லை. கதவை உடைக்கலாம் என்றார்கள் கூடி நின்றவர்கள். உடைக்கும் சத்தத்தில் அவர் பின்னால் போனால் என்ன ஆகும் என்று தடுத்தேன். வெடி நின்றபாடில்லை. கடைசியில் நான் சொன்னேன்.

"வாப்பா, உம்மா வந்திட்டாங்க. இந்தா, என்னோடதான் நிக்கிறாங்க."

தாழ்ப்பாள் நகர்ந்தது. வாப்பா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். உம்மா எங்கே என்று அன்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வீட்டில் விட ஆளில்லாததால் பிள்ளையும் கூட. அங்கே இருந்தவர் ஒரு இளம் டொக்டர், நெற்றியில் சின்னப் பொட்டு. நான் சுனாமி, ஜனாஸா, மொட்டை மாடி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே வாப்பாவின் நாக்கைப் பார்த்தார். அது வெட்டின இறைச்சி போலச் சிவந்து வழுவழு என்றிருந்தது. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். வாப்பா சாய்ந்து விழப்போனார்.

"இவர் என்ன சாப்பிடுறவர்?"

"சோறு. பருப்பு, கீரை. பிளேன் டீ குடிப்பாரு."

"மீன், இறைச்சி, முட்டை?"

"சுனாமிக்குப் பொறகு இல்ல."

"பாலும் இல்லையா? இவ்வளவு வருசமாவா?"

"ஓம்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு விளக்கமாகச் சொன்னார். மூளைக்கும் நரம்புக்கும் வேண்டிய ஒரு விற்றமின் இருக்கிறது, பி பன்னிரண்டு என்று பெயர். மீனிலும் இறைச்சியிலும் முட்டையிலும் பாலிலும்தான் அது இருக்கும். உடம்பில் சேர்ந்து கிடந்ததை வைத்துக் கொஞ்ச வருடம் ஓட்டலாம். அது தீர்ந்ததும் கால் மரக்கும், நடை போகும், ஞாபகம் போகும்.

"பயம் இல்ல எண்டு நான் சொல்லல்ல. துக்கமும் இருக்கு. ஆனா இதுக்கு ஊசி இருக்கு. பிந்தி வந்திருக்கிறீங்க, எல்லாம் திரும்பி வரும் எண்டு சொல்ல ஏலாது."

பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து, என் மடியில் கிடந்த பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

"இந்தப் பானையில வேற ஆர் ஆர் சாப்பிடுற?" என்று கேட்டார்.

வாப்பாவின் மூளையில் காய்ந்துகொண்டிருந்த சத்து, என் பிள்ளையின் மூளையில் ஊறவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான் நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் வேறெப்படிச் சமைத்திருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியாது.

வாப்பாவுக்கு ஊசி தொடங்கியது. பிள்ளையின் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு, தூக்கமும் மறதியும் அதனால்தான் என்று குடிக்கப் பாணி தந்தார்கள், அதோடு தினமும் ஒரு துண்டு மீனாவது, ஒரு முட்டையாவது வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் போய் நின்றேன்; அக்காவை எங்கள் பக்கத்தில் தாத்தா என்போம். என்னைவிட மூத்தவர், உரத்துக் கதைக்கும் மனுசி.

"இதுக்கா தயங்கின? என்ட சட்டியில ஒரு துண்டு கூடப் போட்டா கொறஞ்சா போயிடும்?" என்றார். அன்று முதல் மகள் பகல் சோற்றை அவர் வீட்டில் தின்றாள். வாயைக் கொப்பளிக்க வைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் உள்ளே எடுப்பேன்.

மாதங்கள் போயின. வாப்பா சுவரை விட்டு நடந்தார். தொழுகையில் இன்னும் கணக்குத் தவறும் என்பதால் பள்ளிக்குப் போய் ஜமாஅத்தோடு மட்டும் தொழுதார். முன்னால் இருப்பவர் எழுந்தால் எழுவார், அமர்ந்தால் அமர்வார். உம்மாவைக் கேட்பதும் குறைந்து குறைந்து நின்றது. ஒரு காலையில் அவர் ஜன்னலோரம் குந்தியிருந்து அழுவதைக் கண்டேன். அடக்கிவிட்டு வந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

"உம்மாட கையில காப்பு இருந்த," என்றார். "அத வெச்சித்தான் நான் அடையாளம் கண்ட."

அந்த மறதிக்குள் அவர் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு ஊசியும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கடற்கரைக்கே திருப்பிக் கொண்டுபோயிருக்கிறது. ஊசியை நிறுத்திவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவரிடமே கேட்டேன்.

"வேணாம். போடு," என்றார். "அவட மௌத்த நானாவது ஞாபகம் வெச்சிருக்கணும்."

பிறகு ஒரு பகல். மகள் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து, கழுவ நான் பிடிப்பதற்குள் மூத்தப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். புதிதாகப் படித்த பாட்டைச் சொல்லிக் காட்ட வேண்டுமாம். வாப்பா விறைத்துப்போனார். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்திருந்தார். அவள் பாட்டை முழுவதும் சொல்லி முடித்தாள். ஒரு வரியும் தவறவில்லை.

"என்ன மீன்?" என்று என்னைக் கேட்டார்.

"சூடை, வாப்பா."

"சூடையில முள்ளு கூட. பாத்து எடுத்துக் குடுக்கச் சொல்லு."

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டிலேயே மீன் சமைத்தேன். சட்டி அடுப்பில் இருக்கும் நேரம் வாப்பா கீழே இறங்கி, மீன்காரரின் சைக்கிள் போன திசைக்கு எதிர்த் திசையில் நடந்து பள்ளிக்குப் போய்விடுவார். மாதாமாதம் ஊசிக்குத் தனியாகவே பஸ் ஏறினார். அவர் மௌத்தாகும் வரை மீனைத் தொடவில்லை.