நாலு மாத்திரை, நாலு பேர்

வேலு இறந்துபோய் இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது.

யார் வேலு? இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். போன வருஷம் எழுதியிருந்தேனே… எங்கள் வயலில் எலி பிடிக்க வரும் இருளர் குடும்பங்களைப் பற்றி? அதில் புகைப்பானை ஊதுகிறவர் என்று ஒருவரைச் சொல்லியிருந்தேன். அவர்தான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. டி.பி.

‘அவர்’ என்று இப்போது எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை ‘வா வேலு, போ வேலு’தான். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், நானோ ஒருநாள்கூட ‘வாங்க’ என்று சொன்னதில்லை. நாமெல்லாம் மரியாதை கொடுக்க, எதிராளி சாக வேண்டியிருக்கிறது.

“டி.பி.க்குத்தான் மருந்து இருக்கிறதே, அதுவும் இலவசமாக…” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருந்தது. எங்கள் வீட்டு ஹால் அலமாரியில்தான் இருந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், வரவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தை அடுத்து, எங்கள் வயலை ஒட்டிய வாய்க்கால் கரையில் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். எல்லாம் புறம்போக்கு. சம்பா கதிர் வாங்கி, பால் பிடிக்கிற சமயத்தில் எலி புகுந்துவிட்டால் போச்சு. விடிந்து பார்த்தால் வயலில் அங்கங்கே பாய் விரித்த மாதிரி வெட்டிப் போட்டிருக்கும். உடனே ஆள் அனுப்புவோம், வேலுவும் மற்றவர்களும் வந்துவிடுவார்கள்.

ஒரு பழைய மண்பானை. அதில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வரப்பில் இருக்கும் எலி வளையின் வாயில் கவிழ்க்க வேண்டும். பானையின் அடியில் ஒரு துளை இருக்கும். அதில் வாய் வைத்து ஊதினால் புகை வளைக்குள் போகும். மூச்சு முட்டி எலிகள் வேறு வழியாக வெளியே வரும்போது மற்றவர்கள் பிடிப்பார்கள். பிறகு வளையைத் தோண்டினால், எலி சேர்த்து வைத்த கதிர்கள் படிக்கணக்கில் கிடைக்கும். எலியும் அவர்களுக்கு, அந்த நெல்லும் அவர்களுக்கு.

பிடித்து முடித்ததும் பங்கு. எத்தனை குடும்பமோ அத்தனை கூறு. வேலைக்கு வராமல் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்கும் அதே அளவு கூறு. ஊதியவருக்கு ஒரு பிடி கூடுதல் என்பதெல்லாம் கிடையாது.

“வேலைக்கே வராத ஆளுக்கு எதுக்கு வேலு பங்கு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வரலைன்னா பசிக்காதாம்மா?” என்றார் வேலு.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அப்போது ஒரு முழுப் பக்கமும் எழுதிவிட்டேன். நீங்களும் ஆஹா ஓஹோ என்று கடிதம் போட்டீர்கள். படிக்கும்போது கண் கலங்கியதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். நானும் அந்தக் கடிதத்தை இரண்டு மூன்று பேரிடம் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஆக, இந்த ஊரில் அவர்களுடைய பங்கு முறை யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐப்பசி மழையில் குடிசை ஒழுகுகிறது என்று தார்ப்பாய் கேட்டு வந்தார் வேலு. ஆளே பாதியாகியிருந்தார். நின்று பேச முடியாமல் இருமல். ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்றால் தலையைச் சொறிந்தார். முன்பு ஒருதடவை போனாராம். “எட்டி நில்லு, எட்டி நில்லு” என்று விரட்டினார்களாம், அத்தோடு அந்தப் பக்கமே போவதில்லையாம்.

சும்மா இருப்பேனா? ஆட்டோ வைத்து நானே அழைத்துப் போனேன். பெரிய மனுஷி கூட வந்தால் யார் எட்டி நிற்கச் சொல்வார்கள்? நாற்காலி போட்டார்கள்… எனக்கு. சளி எடுத்துப் பார்த்தார்கள். டி.பி. என்று வந்துவிட்டது.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் நாலு மாத்திரை, ஒரே நேரத்தில். ஆறு மாதம். விழுங்குவதை யாராவது ஒருவர் கண்ணால் பார்த்து அட்டையில் டிக் அடிக்க வேண்டும்.

“மேடம், நீங்க பாத்துக்கறீங்களா? குடிசையில வச்சா மழையில நனைஞ்சிடும்” என்றார் நர்ஸ். சின்னப் பெண். ஏழெட்டு ஊருக்கு ஒரே ஆளாக ஸ்கூட்டியில் அலைகிறாள்.

“இது ஒரு வேலையா? கொடுங்க” என்றேன்.

கூட இருக்கிறவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று நர்ஸ் ஒருநாள் குடிசைப் பக்கம் போனாள். பாதிப் பேர் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவளை வேறெங்கோ காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. காலை ஆறரைக்கெல்லாம் வேலு கேட்டருகில் வந்து நிற்பார். நாலையும் என் எதிரில் விழுங்குவார். தண்ணீருக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலை ஒதுக்கி வைத்திருந்தேன். வீட்டு டம்ளரில் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். டம்ளரில் எல்லாம் ஒட்டாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சுகர் மாத்திரை போடுகிறவராக இருந்தாலும் அந்தப் பாட்டில்தான் வெளியே வந்திருக்கும். எனக்குத் தெரியாதா என்னை?

வேலு தேறினார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. இருமல் அடங்கியது. “நல்லா கேக்குதும்மா மாத்திர” என்று அவரே சொன்னார்.

மார்கழியில் சிங்கப்பூரிலிருந்து மகள் வந்தாள், கைக்குழந்தையோடு. இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டாள். “என்னம்மா இது, பச்சக் குழந்தை இருக்கற வீட்டுல? காலங்காத்தால டி.பி. பேஷண்ட் வாசல்ல நிக்கறாரு?”

எனக்கும் அந்தக் குளிரில் ஆறரைக்கு எழுந்து கேட்டைத் திறப்பது அலுத்துப்போயிருந்தது. இதுதான் உண்மை… குழந்தை ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்று வேலுவிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரத்து மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பேன். அடுத்த ஞாயிறு காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

கொண்டுவந்தார். ஒரு வாரம் தவறவில்லை. ஒரு மாத்திரை மிஞ்சியதில்லை.

“எல்லாம் சாப்பிட்டாச்சா வேலு?”

“ஆச்சும்மா.”

ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் டிக் அடிப்பேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வீட்டுப்பாட நோட்டில் கையெழுத்துப் போடுவாரே, அந்த மாதிரி.

இந்தத் தடவையும் எங்கள் வயலில் எலி. வேலுதான் ஊத வந்தார். “வேற யாராவது ஊதட்டுமேப்பா” என்றார் என் வீட்டுக்காரர். “நான் ஊதுனாத்தாங்க பொக சீராப் போகும்” என்று சொல்லிவிட்டுக் குனிந்தவர், இரண்டு வளை ஊதுவதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மருந்து சாப்பிடுகிற உடம்பு, களைப்பு இருக்கும்தானே என்று நான் எல்லோருக்கும் விளக்கம் வேறு கொடுத்தேன்.

மாசியில் இருமலில் ரத்தம் வந்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் மனைவி கன்னியம்மாவும் நானும் கூட இருந்தோம்.

“மருந்தை நடுவுல விட்டுட்டாரா?” என்றார் டாக்டர்.

நான் சிகிச்சை அட்டையை நீட்டினேன். ஒரு நாள் விடாமல் டிக். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. டாக்டர் அட்டையைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கன்னியம்மாதான் சொன்னாள். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

“நாலு மாத்திர சார். நாலு பேரா சாப்புட்டாங்க. இவரு, இவரு அண்ணன், எந் தங்கச்சி, பக்கத்துக் குடிச மாமா. எல்லாருக்கும் இதே இருமலு. மொத ஒண்ணர மாசம் இவரே சாப்புட்டாரு, நல்லா கேட்டுச்சு. மத்தவங்களுக்கும் கேக்கட்டுமேன்னு ஆளுக்கு ஒண்ணா வச்சோம்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“கால் பங்கு மருந்து மருந்தே இல்ல மேடம்” என்று என்னிடம் சொன்னார். “கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிடும். அதுக்கப்புறம் முழு மருந்து குடுத்தாலும் கேக்காது.”

வேறு மருந்து ஆரம்பித்தார்கள். ஊசி, ஆக்ஸிஜன்… வேலு பங்குனி பாதியில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. படித்துப் படித்துச் சொன்னேனே, நாலும் உனக்குத்தான், நாலும் உனக்குத்தான் என்று! இப்படியா ஒரு மனுஷன் தன் உயிரைக் கூறு போட்டுக் கொடுப்பான்? வீட்டுக்காரரிடம், மகளிடம் போனில், பால்காரரிடம்கூடப் புலம்பித் தீர்த்தேன். “அவங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் புரியாதுங்க” என்றார் பால்காரர். நானும் தலையாட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் யோசனை வந்தது. எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருடைய பிரஷர் மாத்திரை டப்பா தனி, என் தைராய்டு டப்பா தனி. மாத்திரை என்றாலே அது ஒருத்தர் பெயருக்கு எழுதியது என்று நமக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அவர்களுக்கு எது ஒருத்தர் பெயருக்கு வந்திருக்கிறது? பட்டா வந்ததா? இருக்கிற இடம்கூட யார் பெயரிலும் இல்லை. ஒரே ஓர் எலி கிடைத்தாலும் பங்கு வைக்கிறவர், கூடப்பிறந்த அண்ணன் அடுத்த குடிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமும்போது, நாலு மாத்திரையை எப்படித் தனியாக விழுங்குவார்? தொண்டையில் இறங்குமா?

நமக்கு இறங்கும். அது வேறு.

போன வாரம் அந்தக் குடிசைகளுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வயலுக்குப் போகிற வழியில் நூறு முறை கடந்திருக்கிறேன், உள்ளே கால் வைத்ததில்லை. மற்ற மூன்று பேரையும் இப்போது பரிசோதித்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் டி.பி. வேலுவின் அண்ணனுக்கு வந்திருப்பது சாதாரண மருந்துக்குக் கேட்காத வகை. தஞ்சாவூரில் படுக்கையில் இருக்கிறார்.

நான் போனது துக்கம் விசாரிக்க மட்டுமல்ல. புத்தி சொல்லவும்தான். அந்தப் பழக்கம் என்னை விட்டு எங்கே போகும்? இருந்தவர்களை உட்கார வைத்து, மாத்திரையைப் பங்கு வைக்கக்கூடாது, அவரவருக்குக் கொடுத்ததை அவரவர் முழுசாகச் சாப்பிட வேண்டும், பங்கு வைத்ததால்தானே இவ்வளவும் வந்தது என்று கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

“இனிமே வைக்கமாட்டோம்மா” என்றாள் கன்னியம்மா.

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அவரும் எடுத்த எடுப்புல பங்கு வைக்கலம்மா. ஒங்ககிட்டச் சொன்னாராமே… அண்ணன் கரும்பு வெட்டுலேர்ந்து வந்துடுச்சு, அதுக்கும் இருமலா இருக்கு, இன்னும் ரெண்டு பேருக்கும் இருக்கு, நர்சம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கன்னு. நீங்களும் சொல்றேன்னீங்களாம். நர்சம்மா வரும் வரும்னு ரெண்டு வாரம் பாத்தோம். அப்பறந்தான்…”

சொன்னாரா? எப்போது?

சொன்னார். வந்துவிட்டது ஞாபகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலி அட்டைகளை வாங்கிக்கொண்டிருக்கிறேன், காதில் போன். வேலு கேட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “சொல்றேன் வேலு, சொல்றேன், நீ போ” என்கிறேன். நர்ஸின் நம்பர் அந்தப் போனில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

என் முகம் போன போக்கைக் கன்னியம்மா பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

“பரவால்லம்மா” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. “விடுங்க. ஒங்களுக்கு ஆயிரம் வேல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படி என்ன வேலை இருந்தது என்று ஒரு வாரமாக யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்… ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.