இருசப்பன் செத்துப்போன மத்தியானம்

உத்திரமேரூரில் ஏரிக்கரைக்குப் போகிற தெருவில் இருசப்பன் என்று ஒரு ஆள் இருந்தான். யாருக்கும் ஒரு கெடுதல் செய்தவனில்லை. செய்ய நேரமும் இருந்ததில்லை. ஊர் தூங்கும்போது அவன் விழித்திருப்பான், ஊர் எழுந்ததும் போய்ப் படுப்பான். கடைத்தெருக் கோடியில் இருந்த அரிசி மில்லில் ராக்காவல் வேலை. எட்டு வருஷமாக அதே வேலைதான்.

காவல் என்றால் தடியை ஊன்றிக்கொண்டு பீடி பிடிக்கிற காவல் இல்லை. மில் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். மணிக்கு ஒரு தரம் அதை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். பத்து மணிக்குப் பத்து அடி, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மில் முதலாளி தம் வீட்டு மாடியில் படுத்தபடியே அதை எண்ணுவார். மனுஷனுக்குத் தூக்கம் வராத வியாதி. தனியாக விழித்திருக்கப் பிடிக்காமல் சம்பளம் கொடுத்து ஒரு துணை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஏரி வற்றிய மாதங்களில் இருசப்பன் பெண்டாட்டி அம்முலுவுக்கு நடவும் கிடையாது, களையும் கிடையாது. அப்போதெல்லாம் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது மில் வேலையால்தான்.

அறுபத்திரண்டில் தெருவுக்குக் கரண்டு வந்தது. வந்த மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டுத் தங்கவேலு காஞ்சிபுரம் போய் ஒரு மைக் செட் வாங்கி வந்தான். பாட்டுப் பெட்டி, ரிக்கார்டுத் தட்டுகள், மரத்தில் கட்டுகிற குழாய் இரண்டு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வாடகைக்குப் போகும். போனால் நல்லதுதானே, பையன் பிழைக்கட்டும் என்று இருசப்பனும் சந்தோஷப்பட்டான். கஷ்டம் என்னவென்றால், அது மாதத்தில் ஆறு நாள்தான் வெளியே போயிற்று. மிச்ச நாளெல்லாம் வீட்டோடுதான் கிடந்தது.

சும்மா கிடந்தால் பெட்டிக்குள் இருக்கிற வால்வுகள் ஈரம் ஏறிக் கெட்டுவிடும், தினம் ஐந்து நிமிஷம் ஓட்டு என்று விற்றவன் சொல்லி அனுப்பியிருந்தான். தங்கவேலுவுக்குத் தாராள மனசு. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஓட்டினான். குழாயை வாசல் பூவரச மரத்தில் ஏற்றிக் கட்டினான். கிழக்கே திருப்பினால் கோயில், மேற்கே பள்ளிக்கூடம், தெற்கே ஒரு போலீஸ்காரர் வீடு. வடக்கே இருசப்பன்தானே இருக்கிறான்! குழாய் வடக்குப் பார்த்தது.

இருசப்பன் மூன்று தரம் போய்க் கேட்டுப் பார்த்தான். முதல் தரம் கெஞ்சினான்.

"தம்பி, ராவெல்லாம் கண்ணு முயிச்சிட்டு வரேன். கொஞ்சம் சின்னதா வைக்கக் கூடாதா?"

"ஊரே வேலை செய்யற நேரத்துல படுத்துக்கினா அது ஆரு தப்புண்ணே?" என்றான் தங்கவேலு. கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

இரண்டாம் தரம் போனபோது தங்கவேலுவின் பெண்டாட்டி சிட்டம்மாள் மோர் கொடுத்து உபசாரம் செய்தாள். பாட்டுச் சத்தத்தில் இவன் சொன்னது ஒன்றும் அவள் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் சிரித்தபடி தலையை ஆட்டினாள். மூன்றாம் தரம் தங்கவேலு அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "உனக்கு இன்னா பாட்டு வோணும்னு சொல்லுண்ணே, உனுக்கோசரம் ரெண்டு வாட்டி வைக்கறேன்" என்றான். இப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்!

பகலில் தூங்காத கண் ராத்திரியில் பழி வாங்கியது. வைகாசியில் ஒரு நாள் இரண்டு மணி அடிக்காமல் விட்டுப்போயிற்று. ஆனியில் மூன்று மணி. காலையில் மில் கணக்குப்பிள்ளை வேதகிரி கூப்பிட்டுவிட்டார். வேதகிரி சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை, அதனால்தான் எல்லாருக்கும் அவரிடம் பயம்.

"இருசப்பா, முதலாளி ரெண்டு வாட்டி பொறுத்துக்கினாரு. இன்னொரு மணி தவறிச்சின்னா நீ கம்பிய வச்சிட்டு வூட்டுக்குப் போ. நாங்கூட உனுக்கோசரம் பேச மாட்டேன்."

அன்று காலை வீட்டுக்கு வந்தபோது இருசப்பனுக்குக் கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தியது. அம்முலு ஏரிக்கு அந்தப் பக்கம் நடவுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் கீறல் விழுந்த தட்டு ஒன்று மாட்டியிருந்தார்கள். ஒரே ஒரு அடியை, நாற்பது தரம், ஐம்பது தரம். எடுத்து மாற்றி வைக்கத் தெரிந்த ஆளில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு தங்கவேலு கடைத்தெருவில் நாஷ்டா பண்ணப் போய்விட்டான்.

இருசப்பன் தலையணைப் பஞ்சைப் பிய்த்துக் காதில் அடைத்தான். புரண்டால் பஞ்சு விழுந்தது. மறுபடி அடைத்தான், மறுபடி விழுந்தது. கடைசியில் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு காதையும் சேர்த்து இறுக்கி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான். ஈ மொய்க்காமல் இருக்க வேட்டியைக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு, நடு வீட்டில் மல்லாந்து படுத்தான். காதில் பஞ்சு, தாடைக்கு வெள்ளைக்கட்டு. நம் பக்கத்தில் இந்த அலங்காரத்தை ஒரு மனுஷனுக்கு ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் செய்வார்கள். தூக்கம் கெட்டவனுக்கு அது எங்கே தோன்றப் போகிறது?

வாங்கிப்போன முறத்தைத் திருப்பிக் கொடுக்க சிட்டம்மாள் வந்தாள். வாசற்படியில் நின்று பார்த்தாள். முறம் கீழே விழுந்தது.

"ஐயையோ! எங்கண்ணன் பூட்டாரே! அம்முலு, உன் குடி முயுகிப்போச்சே!"

அந்த அலறல் பஞ்சையும் தாண்டிக் கேட்டது. இருசப்பன் எழுந்து உட்காரத்தான் பார்த்தான். அதற்குள் ஒன்று நடந்தது. சிட்டம்மாள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். தெருவில் பிணம் கிடக்கும்போது பாட்டு வைப்பது உண்டா? எடுக்கிற வரைக்கும் அடுப்பே பற்றவைக்க மாட்டார்களே!

பாட்டு நின்றது. எட்டு மாதத்துக்கு அப்புறம் இருசப்பன் காதில் ஒன்றும் விழவில்லை. ஒரு காக்கை கத்தியது, அவ்வளவுதான். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரை மணி நேரம் செத்துப்போனவனாகவே இருந்துவிட்டால் என்ன மோசம் என்று நினைத்தான். வேட்டியை மெல்ல முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

பொம்பளைகள் வந்து சேர்ந்தார்கள். உச்சியில் தெரிந்த கட்டைப் பார்த்ததும், யாரோ முறையாக எல்லாம் செய்திருக்கிறார்கள் என்று ஒருத்தரும் கிட்டே போகவில்லை. கட்டியது யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பத்து பேர் அழுகை அந்தக் குழாய்க்கு முன்னால் தாலாட்டு மாதிரி. அதோடு தங்கவேலு ஓடிவந்து பதறிய குரலும் கேட்டது.

"தங்கமான மனுசன்பா. என் செட்டுன்னா அவருக்கு அவ்ளோ ஆச. மூணு வாட்டி வூடு தேடி வந்து பேசிக்கினு போனாரு. எடுக்கறப்ப நம்ம செட்டு ஃப்ரீதான்."

செத்தும் விடமாட்டானா இந்தப் பாவி என்று இருசப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எட்டு மாதக் கடன் தூக்கம் கோபத்தைவிடப் பெரியது. அடுத்த மூச்சில் அவன் தூங்கிப்போனான்.

எவ்வளவு நேரம் தூங்கினானோ தெரியாது. விழிப்பு வந்தபோது தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் போடாத ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. மாலையோடு வேதகிரி வந்திருந்தார்.

"நல்ல ஆளுதான், பாவம். ஆனா இன்னிக்கு ராத்திரிக்கே மணி அடிக்க ஆள் வேணுமே. முதலாளிக்கு மணி கேக்கலன்னா பொழுது போவாது."

"ஐயா, என் மச்சான் வரதன் சும்மாத்தான் கீறான்" என்றது தங்கவேலுவின் குரல். "சிட்டம்மா தம்பி. கல்லு மாதிரி ஒடம்பு."

"அப்ப பொழுது சாய அனுப்பி வை."

இருசப்பன் துள்ளி எழுந்தான்.

"ஐயா! நான் உசுரோட கீறேன்!"

அப்புறம் நடந்ததைக் கேட்கவா வேண்டும். சிட்டம்மாள் விளக்கைத் தட்டிவிட்டு ஓடினாள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து, முழங்கால் வரைக்கும் சேற்றோடு, மாரில் அடித்துக்கொண்டு வயலிலிருந்து ஓடிவந்த அம்முலு, நடு வீட்டில் நிற்கிற புருஷனைப் பார்த்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்ததும் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். "அடப்பாவி மனுசா! ஏரிய சுத்தி நான் எப்பிடி ஓடியாந்தேன் தெரியுமா?" என்று மறுபடியும் அழுதாள்.

வேதகிரி மட்டும் இடம் விட்டு நகரவில்லை. இருசப்பன் கட்டை அவிழ்த்து, பஞ்சைப் பிடுங்கி, எட்டு மாதக் கதையையும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உன் தலமாட்டுல பத்துப் பொம்பளைங்க அழுதாங்க. வெளக்கு வச்சாங்க. நான் வந்து மால போட்டேன். நீ தூங்கிக்கினே கீற. நாளைக்கு மில்லுல திருடன் பூந்தா உனுக்குக் காதுல வியுமா?"

"ஐயா, அது பகல் தூக்கம்..."

"தூக்கம்னா தூக்கந்தான் இருசப்பா. வரதனுக்கு நான் வாக்கு குடுத்துட்டேன்." மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று கொஞ்சம் யோசித்தார். விட்டுவிட்டுப் போனார்.

அம்முலு தங்கவேலு வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். தங்கவேலுவுக்குச் சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. உயிர் பிழைத்து வந்த அண்ணனுக்காக அவன் நல்ல பாட்டாக ஒன்று வைக்கப் போனான், சிட்டம்மாள்தான் தடுத்தாள்.

மறுநாளிலிருந்து இருசப்பன் பகலில் விறகு பிளக்கப் போனான். ராத்திரி படுத்தால் எட்டு வருஷப் பழக்கம் தூங்கவிடுமா? மில்லிலிருந்து வருகிற ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டு கிடந்தான். முதலாளிக்கு இனாமாக ஒரு துணை.

நாலாம் நாள் கடைத்தெருவில் ஒரு கடைக்கு விறகு கேட்டிருந்தார்கள். காலையில் வாசலிலேயே கட்டையைப் போட்டுக் கோடாலியை ஓங்கினான். ஒரு அடி விழுந்ததோ இல்லையோ, பக்கத்து வீட்டுக் கதவு மெல்லத் திறந்தது. தங்கவேலு உதட்டில் விரலை வைத்தபடி நுனிக்காலில் வந்தான். அப்போதுதான் இருசப்பன் கவனித்தான்: மூன்று நாளாகப் பூவரச மரத்தில் குழாயே இல்லை.

"அண்ணே, மெதுவா, மெதுவா. மச்சான் ராவெல்லாம் கண்ணு முயிச்சிட்டு இப்பத்தான் படுத்தான். மனுசன் ஒருத்தன் தூங்கறான்னு ஒரு இது வேணாமாண்ணே? நான் செட்டையே கட்டி உள்ள வச்சிட்டேன்."

இருசப்பன் அவனைப் பார்த்தான். கையில் இருந்த கோடாலியையும் பார்த்தான்.

தங்கவேலு வீட்டுக்குள்ளிருந்து வரதன் குறட்டை கேட்டது. வரதன் மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. விடிய விடிய மணி அடித்துவிட்டு வருகிறவனுக்குக் கண் எப்படிக் காந்தும் என்று அந்தத் தெருவில் தெரிந்தவன் இருசப்பன் ஒருத்தன்தான். கட்டைகளை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், எடுத்துத் தோளில் அடுக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பிளந்தான்.