மோனிக்கா வீட்டுச் சுவரில் ஓர் ஊர்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய பக்குரங்காவின் கடைத்தொகுதியில் இன்று நசுங்கிக் கிடந்த கறுப்புத் திராட்சையின் புளித்த வாசனை வந்ததும், எண்பதுகளில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த மோனிக்காவின் மேல் எனக்கிருந்த எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

அந்த வீட்டை இடித்து வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். அவள் அப்பா கராஜில் வைனுக்காக ஊறவைத்த திராட்சையின் மணம் எப்போதும் நிறைந்திருந்த அதன் முன்னறைச் சுவரில், அவர்களுடைய சுவிஸ் ஊரின் பெரிய படம் தொங்கியது: கீழே ஏரி, மேலே படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், நடுவில் ஒரே ஒரு தெரு. மோனிக்கா ஒவ்வொரு ஜன்னலிலும் விரல் வைத்து, இதில் பேக்கரிக்காரர், இதில் கோயில் மணி அடிப்பவர், இதில் ஓயாமல் சண்டை பிடிக்கும் அக்கா தங்கை என்று சொல்லிக்கொண்டே போவாள். அவள் விரலுக்கு ஆட்கள் தீர்ந்ததே இல்லை.

எனக்கும் அப்படிச் சொல்ல ஆசை.

"அம்மா, யாழ்ப்பாணத்தில எங்கட பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்?"

அம்மா அரிசி கழுவுவதை நிறுத்தவில்லை. "இப்ப அந்த ஒழுங்கையில ஒருத்தரும் இல்லை, பிள்ளை."

மறுநாள் படத்தில் மோனிக்காவின் சொந்த வீட்டின் மேல் என் விரலை அழுத்தி, நீங்கள்தான் இங்கே வந்துவிட்டீர்களே, இதில் யாருமே இல்லை என்றேன். அவள் கோபப்படக்கூட இல்லை. சாவி சித்தியிடம் இருக்கிறது, சனிக்கிழமைகளில் வந்து ஜன்னல்களைத் திறந்து வைப்பாள் என்றாள்.

ஏரியை அவளே வைத்துக்கொள்ளட்டும். அந்த ஜன்னல்களைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.